சூத்தையைச் சுரண்டி எடுத்தால் கிருமி போய்விடுமா?

வாசகர் கேள்வி பதில்: பல்

இம்முறை வந்த கடிதங்களில் பல, சூத்தையை எவ்வளவு எடுப்பது, எதனால் எடுப்பது, எடுத்தபின் வாயிலுள்ள கிருமிக்கு என்ன நடக்கிறது என்பதையே கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: என்ரை எட்டு வயது மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சூத்தை. வைத்தியர் சுற்றிவரச் சுரண்டிப்போட்டு, அடியில் மெத்தென்று இருந்ததைக் கொஞ்சம் அப்படியே விட்டு மேலே அடைத்துவிட்டார். கேட்டால், "வேணுமெண்டுதான் விட்டனான்" என்கிறார். உள்ளே கிடக்கிற கிருமி பல்லைத் தின்னாதா? வேறு இடத்தில் காட்டித் திரும்பத் தோண்டுவிக்கவோ?
(தாய் ஒருவர், சுன்னாகம்)

பதில்: தோண்டுவிக்க வேண்டாம். அவர் செய்தது அரைகுறை வேலை அல்ல. ஆழமான சூத்தைக்கு இன்று பரிந்துரைக்கப்படுகிற முறையே அதுதான்.

சூத்தை விழுந்த இடத்தில் டென்டீன், அதாவது பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு உள்ளே இருக்கும் படை, ஒரே மாதிரி இருப்பதில்லை. மேற்படை ஈரமாக, கரண்டி முனையால் அள்ள வரும். பக்ரீரியா மிகக் கூடுதலாக இருப்பது இங்கேதான். அதற்குக் கீழே தோல் போல இழுபட்டு வரும் படை, அதற்கும் கீழே சற்று இறுக்கமான படை, கடைசியில் கருவியால் உரசினால் கீச்சென்று சத்தம் வரும் நல்ல டென்டீன். கீழே போகப் போகக் கிருமி குறையும். ஆனால் ஒருபோதும் பூச்சியமாவதில்லை. டென்டீனுக்குள் ஓடும் நுண்குழாய்களின் அகலம் 1 முதல் 3 மைக்ரோன். சூத்தைப் பக்ரீரியாக்கள் பெரும்பாலும் 1 மைக்ரோன் அளவு அல்லது அதற்கும் குறைவு. ஆகவே இறுகிய டென்டீன் தெரியும்வரை தோண்டினாலும் குழாய்களுக்குள் சில இருந்தே தீரும். கடைசிக் கிருமியையும் எடுத்தாக வேண்டும் என்று நின்றால் ட்ரில் நேரே நரம்பில் போய் முடியும்.

கிருமி இருப்பதனால் மட்டும் பல் கரைவதில்லை. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ், லக்டோபசிலஸ் போன்றவை சீனியைத் தின்று அமிலம் விடுகின்றன; பல்லைக் கரைப்பது அந்த அமிலந்தான். பிஎச் என்ற அளவு குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்; அது 5.5 அளவுக்கு இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டீன் இன்னும் மெதுமையானது, 6.2 அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். மேலே அடைப்பு இறுக்கமாக இருந்தால் வாயிலிருந்து சீனி உள்ளே போகாது. மிஞ்சிய கிருமிக்குக் கிடைப்பது, நரம்புப் பக்கத்திலிருந்து குழாய்களூடாகக் கசிகிற சிறிதளவு திரவம் மட்டுமே. பெரும்பகுதி செத்துவிடும். அந்தத் திரவத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிய சர்க்கரையைப் பிய்த்துத் தின்னத் தெரிந்த சில வகைகள் தப்பிப் பிழைக்கும். ஆனால் முந்திய வேகத்தில் அமிலம் விட அவற்றால் முடியாது. இப்படி மூடிய பற்களைச் சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்த ஆய்வுகளில் பக்ரீரியாவின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது, வகையும் குறைந்திருந்தது. ஈரமாக இருந்த டென்டீன் உலர்ந்து, கறுத்து, இறுகியிருந்தது. கறுப்பைக் கண்டு பயப்படுவோர் அநேகர். ஓடுகிற சூத்தை பெரும்பாலும் மங்கல் மஞ்சளும் ஈரமுமாக இருக்கும். நின்றுபோன சூத்தைதான் கறுப்பும் இறுக்கமுமாக இருக்கும்.

முந்திய தலைமுறை வைத்தியர்கள் அடிவரை தோண்டப் பழகியவர்கள். அமெரிக்கப் பல் வைத்தியர் ஜி. வி. பிளாக் 1908இல் வெளியிட்ட நூலின் பாணி அது. கெடாத இடத்தையும் சேர்த்து வெட்டி, பின்னால் சூத்தை வராமற் தடுப்பது அவர் கொள்கை. நீண்ட காலம் அதுவே பாடமாக இருந்தது. 2016இல் வெளிவந்த சர்வதேச நிபுணர் குழுவின் கூட்டு முடிவும், 2023இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டலும் குறைவாக எடுப்பதன் பக்கமே நிற்கின்றன. இந்த மாற்றம் எங்கள் ஊர் மக்களின் காதுக்கு இன்னும் சரியாக எட்டவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

எட்டு வயதில் இன்னொரு காரணமும் உண்டு. ஆறு வயதளவில் முளைத்த முதலாவது நிலையான கடைவாய்ப் பல்லின் வேர் முடிவதற்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருக்கிறது. இப்போது நரம்பு செத்தால் வேர் வளர்ச்சி பாதியில் நின்றுவிடும். அப்படியான பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்வதும் கடினம், நிலைப்பதும் கடினம்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. மெத்தென்றதை விடலாம் என்பது நரம்புக்கு மேலேயுள்ள அடிப்பகுதியில் மட்டும். குழியின் விளிம்பிலும் பக்கச் சுவரிலும், எனாமலும் டென்டீனும் சந்திக்கிற கோட்டில், சுற்றிவர 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சுத்தமான இறுகிய பல் தெரிய வேண்டும். அடைப்பு ஒட்டிக்கொள்வது அதில்தான். அந்தக் கோட்டில் சூத்தையை விட்டால் அடைப்பு ஒட்டாது, நீக்கல் விழும், எச்சில் இறங்கும், சீனி இறங்கும், உள்ளே பட்டினியில் கிடந்தவை திரும்ப வேலையைத் தொடங்கும். இந்த முறை தோற்கிற இடங்களைப் பார்த்தால் அநேகமாக அடியில் விட்ட சூத்தை குற்றவாளியாக இராது. விளிம்பில் செய்த அவசரந்தான் காரணமாக இருக்கும்.

சில வைத்தியர்கள் இதை இரண்டு தவணையாகச் செய்வார்கள். முதலில் தற்காலிக அடைப்பு, 6 முதல் 12 மாதம் கழித்துத் திறந்து மிச்சத்தை எடுத்து நிரந்தர அடைப்பு. அதுவும் பிழையில்லை. ஆனால் திறக்கிறபோது நரம்பு வெளிப்படுகிற ஆபத்து மீண்டும் வருகிறது. இரண்டாம் தவணைக்கு வராமல் விடுகிறவர்களும் உண்டு, தற்காலிக அடைப்புத் தேய்ந்து ஒழுகத் தொடங்கும். ஒரே தடவையில் நன்றாக மூடிவிடுவதே மேல் என்பது எங்கள் கருத்து.

நீங்கள் கவனிக்க வேண்டியவை: இரவில் தானாக வலி வந்து எழுப்புதல், குளிர் பட்டபின் வலி நீண்ட நேரம் நிற்றல், கடிக்கும்போது நோதல், முரசில் சீழ்க்கொப்புளம். இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமற் போங்கள். வராவிட்டாலும் ஆறு மாதத்தில் ஒருமுறை காட்டி, தேவையென்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பப்பாசியில் செய்த ஜெல் பூசிச் சூத்தையை ட்ரில் இல்லாமல் எடுக்கிறார்களாம். வீட்டுப் பப்பாசிப் பாலைப் பஞ்சில் தொட்டு வைத்தால் என்ன?
(வாசகர், கரவெட்டி)

பதில்: வைக்காதீர்கள். பப்பாசிக் காயின் பால் வாய்த் தோலையும் முரசையும் புண்ணாக்கும். ரப்பர் பால் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். அதில் பப்பெயின் எவ்வளவு இருக்கிறது என்பது காய்க்குக் காய் மாறும்.

ஜெல் உண்மைதான். பிரேசிலில் 2003இல் வந்த ஜெல்லில் பப்பெயின் என்ற நொதியும் குளோரமின் என்ற கிருமிநாசினியும் உண்டு. அதற்கு முன்னர் சுவீடனில் வந்த ஜெல்லில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் மூன்று அமினோ அமிலங்களும் கலந்திருக்கும். இரண்டும் செய்வது ஒன்றுதான்: கெட்டுப்போய் அவிழ்ந்த கொலாஜன் நாரை மட்டும் இளக்கும், நல்ல நாரை அதிகம் தொடாது. பப்பெயின் ஜெல்லைக் குழிக்குள் வைத்து 30 முதல் 60 செக்கன் விடுவார்கள். பிறகு கூரில்லாத கரண்டியால், வெட்டாமல், வழித்தெடுப்பார்கள். ஜெல் கலங்கி வந்தால் இன்னும் சூத்தை இருக்கிறது என்று திரும்பப் பூசுவார்கள். தெளிவாக நின்றால் போதும்.

கிருமியை எவ்வளவு குறைக்கிறது என்று கேட்டால், மிஞ்சுவது ட்ரில்லால் எடுத்தபின் மிஞ்சுவதோடு ஏறத்தாழ ஒப்பிடத்தக்கது. இதன் இலாபம் வேறு இடத்தில்: வலி குறைவு, விறைப்பூசி பல வேளை தேவைப்படாது, ட்ரில் சத்தத்துக்கு அழுகிற பிள்ளைக்கு நல்லது. நட்டம் நேரம்; ட்ரில்லை விடக் கூடச் செல்லும். குழியின் வாய் ஒடுங்கியிருந்தால் ஜெல் உள்ளே போவதற்காகவே எனாமலை ட்ரில்லால் திறக்க வேண்டியிருக்கும். அதனால் "ட்ரில்லே இல்லை" என்ற விளம்பரத்தை முழுதாக நம்ப வேண்டாம்.

கேள்வி: பாடசாலைக்கு வந்த பல் சிகிச்சைக் குழு மெசின் இல்லாமல், கைக் கருவியாலேயே சுரண்டி வெள்ளைச் சீமெந்து வைத்தார்கள். தீவுப் பகுதிப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று செய்கிறார்களோ?
(ஆசிரியை, வேலணை)

பதில்: உங்கள் கோபம் விளங்குகிறது, ஆனால் முறையில் குறையில்லை. 1980களின் நடுவில் தன்சானியாவில் உருவாகி, 1994இல் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த முறை இது. வசதியான நாடுகளிலும் பயந்த பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் செய்கிறார்கள். பார்க்க வேண்டியது எப்படிச் செய்தார்கள் என்பதை.

பஞ்சுச் சுருளால் எச்சிலைத் தடுத்து, ஈரப் பஞ்சால் பல்லைத் துடைக்க வேண்டும். கைக்கோடரி போன்ற சிறு கருவியால், அடியில் ஆதாரமில்லாத எனாமல் விளிம்பை உடைத்து வாயை அகட்டுவது அடுத்தது. பிறகு கரண்டிக் கருவியால் முதலில் எனாமலுக்கும் டென்டீனுக்கும் இடைப்பட்ட கோட்டைச் சுத்தமாக்கி, கடைசியிலேதான் அடியைத் தொட வேண்டும். இந்த ஒழுங்கு முக்கியம். அடியிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்கு நோகும், வாயை மூடிவிடும், விளிம்பு அப்படியே கிடக்கும்.

அதன்பின் மெல்லிய அமிலத் திரவத்தை 10 முதல் 15 செக்கன் பூசி, ஈரப் பஞ்சால் இரண்டு மூன்று தரம் கழுவி, உலர் பஞ்சால் ஒற்றுவார்கள். வறட்டி எடுக்கக் கூடாது, கிளாஸ் அயனோமர் என்ற அந்த வெள்ளைச் சீமெந்துக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். தூளும் திரவமும் தயாரித்தவர் சொன்ன அளவில், பெரும்பாலும் ஒரு கரண்டி தூளுக்கு ஒரு துளி, அரை நிமிடத்துக்குள் குழைத்து, மினுமினுப்பு இருக்கும்போதே குழியில் வைக்க வேண்டும். மினுக்கம் மங்கிய கலவை பல்லோடு ஒட்டாது. எங்கள் ஏப்ரல் மே வெக்கையில் அது இன்னும் வேகமாக மங்கும். குழைக்கும் கண்ணாடித் தட்டைக் குளிராக வைத்திருப்பவர் அனுபவசாலி. வசலின் தடவிய கையுறை விரலால் அழுத்தினால் சீமெந்து சுற்றியுள்ள வெடிப்புகளுக்குள்ளும் இறங்கும். ஒரு மணித்தியாலம் சாப்பிடக் கூடாது.

இந்தச் சீமெந்து பல்லோடு இரசாயன முறையில் ஒட்டி, புளோரைட்டையும் மெல்ல விடும். கைக் கருவி ட்ரில்லை விடக் கொஞ்சம் கூடுதலாக மெத்தென்றதை விடுவதுண்டு. மேலே சொன்னபடி, மூடல் இறுக்கமானால் அது பிரச்சினையில்லை. ஒரே பரப்பில் வைத்த அடைப்புகள் நல்லபடி நிற்கும். இரண்டு பல்லுக்கு நடுவே, பல பரப்பில் வைத்தவை அடிக்கடி உடையும். அப்படியான பல் உங்கள் மாணவர்களில் யாருக்காவது இருந்தால், அவர்களைப் பின்தொடர்ந்து யாழ்ப்பாணத்துக்கோ அருகிலுள்ள அரச பற்சிகிச்சை நிலையத்துக்கோ அனுப்புங்கள்.

கேள்வி: பாற்பல் விழப்போவதுதானே, கடைவாயில் சூத்தை என்றால் ஏன் மெனக்கெட வேண்டும்?
(தகப்பன், சாவகச்சேரி)

பதில்: பாற்பல்லின் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்கும். அவ்வளவு காலம் வலியோடும் சீழோடும் விட முடியாது. நரம்பு சாகாத பாற்கடைவாய்க்கு இப்போது ஒன்றும் சுரண்டாமலே எஃகுத் தொப்பி மாட்டி மூடுகிற முறை இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் தொடங்கியது. ட்ரில் இல்லை, விறைப்பூசி இல்லை. பல் இடைவெளி ஒடுங்கியிருந்தால் சிறு ரப்பர் வளையம் 3 முதல் 5 நாள் வைத்து இடம் எடுப்பார்கள். தொப்பி போட்டபின் கடி சற்று உயர்ந்து நிற்கும், சில கிழமையில் தானே சரியாகும். சூத்தை முழுவதும் உள்ளே இருக்க, மூடியதாலேயே அது நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

கேள்வி: இரண்டு வயது மகனின் மேல் முன்பற்கள் நான்கும் சூத்தை. கறுப்பு மருந்து பூசலாம், பல் கறுக்கும் என்றார்கள். நல்லதா?
(பருத்தித்துறை)

பதில்: நல்லது, கறுப்பைப் பொறுக்க முடியுமென்றால். மருந்தின் பெயர் சில்வர் டயமைன் புளோரைட், 38 வீதம். வெள்ளி அயன் பக்ரீரியாவின் சுவரையும் உள்வேலையையும் குலைக்கும். புளோரைட்டு (பத்து இலட்சத்தில் 44,800 பங்கு, சாதாரணப் பற்பசையில் உள்ளதைப் போல முப்பது மடங்குக்கு மேல்) மிஞ்சிய டென்டீனை இறுக்கும். சுரண்டத் தேவையில்லை. உதட்டிலும் முரசிலும் வசலின் தடவி, பல்லை உலர்த்தி, சிறு தூரிகையால் ஒரு நிமிடம் பூசுவார்கள். சூத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுக்கும், நல்ல எனாமல் கறுக்காது. தோலில் பட்டால் கறை ஒன்றிரண்டு கிழமையில் போகும், உடுப்பில் பட்டால் போகாது. ஒருமுறை பூசியதோடு விடக் கூடாது. வருடத்துக்கு இரண்டு தரம் பூசினால் பலன் கூடும். வெள்ளிக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கும், சீழ் வைத்த பல்லுக்கும் இது ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நீங்கள் எழுதாத ஒன்று: இரவில் பால்ப் போத்தலோடு படுக்கிறாரா? நித்திரையில் எச்சில் குறையும், மேல் முன்பல்லில் பால் தேங்கும், கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காக்கும். மேல் நான்கும் ஒன்றாகக் கெடுவது அநேகமாக அப்படித்தான். போத்தல் நிற்காவிட்டால் எந்த மருந்தும் நிற்காது.

கேள்வி: போன வருடம் ஐந்து பல் அடைத்தேன். இப்போது புதிதாக இரண்டு. கிருமியை முழுதாக எடுக்கவில்லையோ?
(வாசகி, கொக்குவில்)

பதில்: சூத்தைக் குழிகள் கிருமியின் பெரிய இருப்பிடம். அவற்றை அடைத்ததும் எச்சிலில் மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறையும். ஆனால் பற்களின் இடுக்கிலும் பள்ளத்திலும் நாக்கிலும் இருப்பவை அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டுப் பழக்கம் மாறாவிட்டால் சில மாதத்தில் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறிவிடும். அடைத்தது ஓட்டையை, நோயை அல்ல.

ஒரு நாளில் எத்தனை தரம் இனிப்பு வாய்க்குள் போகிறது என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் அமிலம் ஏறி, எச்சில் அதைத் தணிக்க அரை மணித்தியாலம், சிலருக்கு அதற்கும் மேல் எடுக்கும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடிப்பது, பின்னேரம் எள்ளுருண்டை, இடையில் ரொபி என்று போனால் பல்லுக்கு இளைப்பாற நேரமே இல்லை. பனங்கட்டி இயற்கையானது என்பதால் பக்ரீரியா அதை விட்டுவைக்காது. அதில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்து உண்டால் தாக்கங்களின் எண்ணிக்கை குறையும். காலையும் படுக்கப் போகுமுன்னும் பத்து இலட்சத்தில் 1,450 பங்கு புளோரைட்டுள்ள பற்பசையால் துலக்கி, துப்பிவிட்டு, தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுங்கள்.

புதிய சூத்தை பழைய அடைப்பின் ஓரத்தில் வந்ததா, வேறு பல்லிலா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஓரத்தில் என்றால் பிளாஸ்ரிக் வகை அடைப்பு இறுகும்போது சுருங்கி நீக்கல் விழுந்திருக்கலாம், அல்லது வைக்கும்போது எச்சில் பட்டிருக்கலாம். அடுத்த முறை, எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மூடுகிற மெல்லிய ரப்பர் விரிப்புப் போட்டுச் செய்ய முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: லேசர், சாயம் பூசிப் பார்ப்பது, இவை கிருமியைக் கூடுதலாக அகற்றுமா?
(மாணவன், திருநெல்வேலி)

பதில்: 2,940 நனோமீற்றர் எர்பியம் லேசர் வலியைக் குறைக்கும், நேரம் கூட எடுக்கும். மிஞ்சும் கிருமியில் ட்ரில்லை விடப் பெரிய முன்னேற்றம் உறுதியாகக் காட்டப்படவில்லை. சாயம் கிருமியில் ஏறுவதில்லை, கனியுப்புக் குறைந்த டென்டீனில் ஏறும். அது நரம்புக்கு அண்டிய நல்ல டென்டீனிலும் ஏறுவதால், சாயத்தைத் துரத்திப் போகிறவர் தேவைக்கு மேல் வெட்டுவார்.

கேள்வி: தனியார் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். ட்ரில் பிடிக்கும்போது முகத்தில் தெறிக்கிற நீரில் நோயாளியின் கிருமி இருக்குமா?
(கோப்பாய்)

பதில்: இருக்கும். வேக ட்ரில் நிமிடத்துக்கு 3 இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். குளிர்விக்கும் நீரும் எச்சிலும் பல்லின் தூளும் சேர்ந்து நுண்துளியாகக் காற்றில் நிற்கும். தொடங்குமுன் நோயாளியைக் குளோரெக்சிடீன் கொப்பளிக்க வைப்பது, ரப்பர் விரிப்பு, பல்லுக்கு அருகே பிடித்த பெரிய உறிஞ்சி, இந்த மூன்றும் சேர்ந்தால் வெகுவாகக் குறையும். எனாமலைத் திறந்தபின் டென்டீனை மெதுவேக உருண்டை முனையாலோ கரண்டியாலோ எடுத்தால் தெறிப்பு அநேகமாக இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். நீர்க் குழாய்க்குள்ளேயே கிருமிப் படலம் வளரும். மெசின் போத்தலுக்குக் கிணற்றுத் தண்ணியை ஊற்றுகிறீர்களா? எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணியில் கல்சியம் கூட. குழாயில் உப்புப் படிந்து, அந்தச் சொரசொரப்பில் படலம் இன்னும் இறுகப் பிடிக்கும். காய்ச்சி வடித்த நீர் பாவியுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் 20 முதல் 30 செக்கன் நீரை ஓடவிடுங்கள், மாலையில் போத்தலைக் கவிழ்த்து உலரவிடுங்கள், மெசின்காரர் சொன்ன கிருமிநாசினியைக் கிழமைக் கணக்குத் தவறாமல் போடுங்கள்.

கேள்வி: பல் வலிக்குப் பாமசியில் அமொக்சிசிலின் வாங்கிப் போட்டால் சூத்தைக் கிருமி சாகுமா?
(ஊர்காவற்றுறை)

பதில்: சாகாது. சூத்தை விழுந்த டென்டீனில் இரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. வலி குறைந்ததுபோல் தெரிந்தால் அது நரம்பு சாகத் தொடங்கியதனாலும் இருக்கலாம். கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் அது வேறு கதை. கடல் கடக்க வேண்டியிருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நேரத்தில் பரசிற்றமோல் போட்டுக்கொண்டு, பல் வைத்தியரிடம் நாள் எடுங்கள்.